பினாங்குக்கு ஏற்றப்பட்டவர்கள்: 1802-ல் சிவகங்கைச் சீமையில் நடந்ததும் இன்று சொல்லப்படுவதும்

தீவுச் சிறை என்றதும் எங்கள் பக்கம் யாருக்கும் முதலில் வாயில் வருவது அந்தமான்தான். ஆனால் காரைக்குடி, கல்லல், காளையார்கோயில், திருப்பத்தூர் என்று நாம் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருக்கிற இந்த ஊர்களைச் சுற்றி ஒரு கூட்டத்தையே பிடித்துக் கடல் கடத்திய சம்பவம், அந்தமானில் செல்லுலார் சிறையைக் கட்டி முடிப்பதற்கு நூறு வருடங்களுக்கும் முன்னால் நடந்துவிட்டது. வருடம் 1802. தீவின் பெயர் பினாங்கு. மருது சகோதரர்களைத் தூக்கில் போட்ட கதை இந்தச் சீமையில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தூக்கில் போடாமல் விட்டவர்களை என்ன செய்தார்கள் என்று கேட்டால் பெரியவர்களே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது ரொம்ப நாளாக மனதில் உறுத்துகிற விஷயம். அதனால் அந்த மீதிப் பாதியை, எது பதிவில் இருப்பது, எது வாய்வழியாக வந்தது என்று பிரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்களுக்குள் வந்த போர்

1801 ஜூன் 16-ம் தேதி, திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. வெள்ளைக்காரனை எதிர்த்து எல்லாச் சாதியாரும் எழ வேண்டும் என்ற அந்த அறிக்கையோடு சண்டை வெளிப்படையாகிவிட்டது. அடுத்த மாதக் கடைசியில், ஜூலை 31 அன்று, கர்நாடக நவாபின் ஆட்சி அதிகாரம் ஒப்பந்தத்தின் மூலம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. ஆக, இரண்டு மாதத்துக்குள் கம்பெனி வரி வசூலிக்கிறவன் என்ற நிலையிலிருந்து ஆளுகிறவன் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எதிர்த்து நின்றவர்கள் எல்லாரும் அவர்கள் கணக்கில் கலகக்காரர்கள். கைதானவர்களை நடத்திய விதத்துக்கு அடிப்படை இந்த மாற்றம்தான்.

சின்ன மருது இருந்தது சிறுவயலில். காரைக்குடியிலிருந்து கல்லலுக்குப் போகிற வழியில் இருக்கும் அதே சிறுவயல். கம்பெனிப் படைத் தளபதி கர்னல் அக்னியூவின் படை நெருங்கியதும் எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று தங்கள் ஊரைத் தாங்களே கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். அங்கிருந்து காளையார்கோயிலுக்குப் பாதை போடுவதற்காகக் கம்பெனிப் படை காட்டை வெட்டத் தொடங்கியது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதத்துக்கு மேல் வெட்டினார்கள். வெட்டிக்கொண்டே போக, இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுந்துகொண்டே இருக்க, ஆகஸ்டு கழிந்ததும் கைவிட்டு ஒக்கூர்ப் பக்கம் பின்வாங்கினார்கள். அந்தக் காட்டை இன்று தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் சீமைக்கருவேலம். ஒரு பெரிய பட்டாளத்தை ஒரு மாதம் நிறுத்திவைத்த காடு அங்கே இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

காட்டால் முடியாததை அரசியலால் முடித்தார்கள். செப்டம்பர் 12-ம் தேதி சோழபுரத்தில், படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக அறிவித்தார்கள். இந்த முழுச் சம்பவத்திலும் திருப்பம் என்று நான் நினைப்பது இதைத்தான். அரச குடும்பத்தின் உரிமைக்காரர் ஒருவர் எதிர்ப்பக்கம் நின்றவுடன், மருதுவோடு நின்ற கிராமங்கள் இரண்டாகப் பிரிந்தன. அக்டோபர் 1-ம் தேதி காளையார்கோயில் விழுந்தது.

கோபுரத்துக்காகச் சரணடைந்தார்களா?

காளையார்கோயில் பெரிய கோபுரத்தைப் பற்றி நம்மிடம் கதைகள் ஏராளம். மானாமதுரையிலிருந்து ஜனங்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து கட்டியது என்பார்கள். அதன் உச்சியில் ஏறினால் மதுரைக் கோபுரம் தெரியும் என்பார்கள். பெரிய மருதுவுக்கு வந்த ராஜபிளவை என்ற கொடிய கட்டி குன்றக்குடி முருகன் விபூதியால் ஆறியது, அதனால்தான் அவர் அந்தக் கோயிலுக்கு அவ்வளவு செய்தார் என்பது இன்னொரு கதை. குன்றக்குடிக்குப் போனால் சகோதரர்களின் சிலைகளைப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலே நிற்கிற கதை ஒன்று உண்டு: நீங்கள் வெளியே வராவிட்டால் கோபுரத்தைப் பீரங்கி வைத்துத் தகர்ப்போம் என்று வெள்ளைக்காரன் மிரட்ட, கோபுரத்தைக் காப்பாற்றத் தாங்களாகவே வந்து நின்றார்கள் என்பது.

இதற்கு நேர் எதிராக ஒரு சாட்சி இருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தப் போரில் இருந்தவர், பிற்பாடு 1830-ல் தன் ராணுவ நினைவுக் குறிப்புகளை அச்சிட்டார். சின்ன மருது மோசமாகக் காயம்பட்டு, சில சேவகர்களால் பிடிபட்டு, தொடை எலும்பு முறிந்த நிலையில் காவலில் கிடந்தார் என்று அவர் எழுதுகிறார். அது சரணடைந்தவரின் கதையாக இல்லை. கோபுரக் கதையைச் சொல்பவர்களை நான் மறுத்துப் பேசுவதில்லை, அந்தக் கோபுரத்தின் மேல் இந்த ஜனங்களுக்கு இருக்கும் பிரியம் அதில் தெரிகிறது. ஆனால் நடந்ததற்குச் சாட்சியாக ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் வெல்ஷ் சொல்வதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் இந்த மனிதருக்குச் சின்ன மருதுவைக் குறைத்துச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. 1795-ல் அவர் சின்ன மருதுவைப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு காவலாள்கூட இல்லாத திறந்த அரண்மனை, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் போகலாம் என்று வியந்து எழுதுகிறார். மதுரையில் இருந்தவரை தனக்கு நல்ல அரிசியும் பழங்களும் வந்துகொண்டே இருந்ததையும், ஈட்டி எறியவும் வளரி என்ற வளைந்த எறிகோலை வீசவும் தனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது சின்ன மருதுதான் என்பதையும் சொல்கிறார். பெரிய மருது எப்போதும் வேட்டையில் இருப்பவர் என்றும், ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைத்துவிடுவார் என்று பேச்சு உண்டு என்றும் எழுதியிருக்கிறார். அப்படிப் பழகிய மனிதரையே பிறகு காட்டு விலங்கைப் போலத் துரத்த நேர்ந்ததே என்று அவரே வருந்துகிறார்.

1801 அக்டோபர் 24, திருப்பத்தூர். இரண்டு சகோதரர்களும், மகனும், முக்கியமான ஆட்களும் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது: கோட்டைகள் இடிக்கப்படும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். நமக்குத் தெரிந்த வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

ஏன் பினாங்கு?

அந்தமானுக்கு அனுப்பாமல் ஏன் பினாங்குக்கு அனுப்பினார்கள் என்று கேட்டால், அந்தமான் அப்போது மூடிக் கிடந்தது என்பதுதான் பதில். 1789-லேயே ஆர்ச்சிபால்டு பிளேர் அங்கே ஒரு குடியேற்றம் போட்டிருந்தார், கைதிகளும் போயிருந்தார்கள். 1792-ல் இடத்தை வடக்கே மாற்றினார்கள். நோயும் சாவும் தாங்காமல் 1796-ல் மொத்தமாகக் கைவிட்டு, அங்கிருந்த கைதிகளைப் பினாங்குக்குக் கொண்டுபோனார்கள். பினாங்கு 1786-ல் பிரான்சிஸ் லைட் கெடா சுல்தானிடமிருந்து கம்பெனிக்காகப் பிடித்த தீவு. வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரும் வைத்தாயிற்று. காடு வெட்ட, சதுப்பு தூர்க்க, சாலை போட அங்கே ஆள் வேண்டும். இந்தியாவில் கம்பெனிக்கு வேண்டாதவர்கள் இருந்தார்கள். இந்த இரண்டு தேவையும் சேர்ந்துதான் பினாங்கைக் கைதித் தீவாக்கியது.

அங்கே அந்தமான் சிறையைப் போல உயரமான கட்டடமோ வரிசையாகத் தனி அறைகளோ இல்லை. கைதிகள் பகலில் ஊருக்குள்தான் வேலை செய்தார்கள், காலப்போக்கில் கைதிகளிலிருந்தே மேஸ்திரிகளையும் காவலர்களையும் போட்டார்கள். சுவர் கட்டாததற்குக் காரணம் இரக்கம் இல்லை, சுற்றிலும் கடல் இருந்தது. கிழக்கே மலாய்க் கரை தெரியும் தூரத்தில் இருந்தாலும், சிறுவயலோ காளையார்கோயிலோ அந்தப் பக்கம் இல்லையே.

இதில் கம்பெனியின் கணக்கு ஒன்றும் இருந்ததாக நான் பார்க்கிறேன். தூக்கு மேடைக்கு ஜனங்கள் கூடுவார்கள், உடலைப் பார்ப்பார்கள், பாட்டு கட்டுவார்கள், சமாதி எழும். காளையார்கோயிலில் அதுதான் நடந்தது. கப்பலில் ஏறினவருக்குப் பாட்டும் கிடையாது, சமாதியும் கிடையாது. வீட்டுக்காரருக்குத் திதி கொடுக்கலாமா கூடாதா என்றே தெரியாமல் இருக்க வேண்டியதுதான். எந்த வருடம், எந்த மாதம், எந்தத் திதி என்று தெரியாமல் எத்தனை வீடுகளில் பெண்கள் தாலியோடு காத்திருந்திருப்பார்கள் என்று யோசித்தால், இந்தத் தண்டனை கப்பலில் ஏறியவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தூத்துக்குடியிலிருந்து

1802 பிப்ரவரி 11. தூத்துக்குடியில் 70-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். சிவகங்கைக்காரர்கள் மட்டும் இல்லை, நெல்லைச் சீமைப் பாளையங்களில் பிடிபட்டவர்களும் கூட இருந்தார்கள். சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் மருமகனான வேங்கன் பெரிய உடையத் தேவர் நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவர். சிவகங்கையின் அரசர் என்று நேற்றுவரை கும்பிடப்பட்டவர். வாராப்பூர் பொம்ம நாயக்கர் ஒருவர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமி ஒருவர். துரைச்சாமிக்கு வயது 15 வாக்கில்.

பதினைந்து வயதுப் பையன். அப்பாவும் பெரியப்பாவும் அண்ணனும் தூக்கில் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை.

தூத்துக்குடியில் இந்தக் கைதிகளுக்குக் காவல் பொறுப்பாக இருந்தது யார் என்றால், அதே வெல்ஷ். சிறுவயல் அரிசியைச் சாப்பிட்டவர், சின்ன மருதுவிடம் வளரி கற்றவர். தன்னால் முடிந்த அளவு கைதிகளின் சிரமத்தைக் குறைத்ததாக எழுதுகிறார், நான் நம்புகிறேன். ஆனால் கப்பல் புறப்படுவதை அவரால் தடுக்க முடியாது, தடுக்கவும் அவர் நினைக்கவில்லை.

வேங்கன் பெரிய உடையத் தேவரைப் பினாங்கிலும் வைக்கவில்லை, சுமத்ராவில் கம்பெனி வைத்திருந்த பெங்கூலனுக்குக் கொண்டுபோனார்கள். அதே வருடம் அங்கேயே இறந்துபோனார். வேலு நாச்சியார் ஹைதர் அலி துணையோடு மீட்ட சிவகங்கையை ஆண்ட அந்தக் குடும்பத்தின் அரசர் ஒருவர் சுமத்ரா மண்ணில் கிடக்கிறார் என்பதை, சிவகங்கை அரண்மனை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் எத்தனை பேருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்?

1818: ஒரு சந்திப்பு

இந்தச் சம்பவத்தில் என்னை மிகவும் பாதிக்கிற பகுதி இது.

பதினாறு வருடம் கழித்து, 1818-ல், வெல்ஷ் பினாங்குக்குப் போகிறார். அங்கே ஒரு ஆள் அவரைப் பார்க்க வருகிறார். மெலிந்து, தளர்ந்து, கிழவரைப் போல இருக்கிறார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்டதும் துரைச்சாமி என்று பதில் வருகிறது. அந்தப் பெயர் தன் நெஞ்சில் கத்தி இறங்கியது போல இருந்தது என்கிற மாதிரி எழுதுகிறார் வெல்ஷ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1802-ல் பதினைந்து என்றால் 1818-ல் முப்பத்தொன்று. முப்பத்தொரு வயது ஆள், தன்னைச் சிறுவனாகப் பார்த்த ஒருவரின் கண்ணுக்கு முதியவராகத் தெரிகிறார். தீவில் என்ன சாப்பாடு போட்டார்கள், எந்தக் காய்ச்சல் வந்தது, என்ன வேலை வாங்கினார்கள் என்று ஒரு பெரிய அறிக்கை படித்தாலும் இந்த ஒரு வரி அளவுக்கு எனக்குப் புரிந்திருக்காது.

துரைச்சாமி கேட்டது விடுதலை இல்லை. ஊரில் உயிரோடு இருக்கும் தன் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் கொண்டுபோக முடியுமா என்றுதான் கேட்டார். வெல்ஷ் மறுத்துவிட்டார். கடமை இடம் கொடுக்கவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். அவர் நல்ல மனிதர் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது, அவர் எழுதிவைக்காவிட்டால் நமக்கு இதுவும் கிடைத்திருக்காது. இருந்தாலும் அந்தக் கடிதத்தை அவர் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு கடிதம் வந்து சேர்ந்திருந்தால் கம்பெனி ராஜ்யம் கவிழ்ந்திருக்கப் போவதில்லை.

கடல் தாண்டினால் சாதி போகும் என்ற பேச்சு

கைதிகளைத் தீவுக்கு அனுப்பியதற்கு அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம், இந்துக்களுக்குக் கடல் தாண்டுவது சாவை விடப் பயம் என்பது. காலாபானி, அதாவது கறுப்புத் தண்ணீர், என்ற பெயரைச் சுற்றி வளர்ந்த கதைகளெல்லாம் இதிலிருந்துதான். வடக்கே அது எவ்வளவு உண்மையோ, நம் கரைக்கு அதை அப்படியே ஒட்டவைப்பது சரிப்படாது. சோழமண்டலக் கரை மரக்கலக்காரர்களும் முஸ்லிம் வணிகர்களும் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே பினாங்குப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தவர்கள்தான்.

அதைவிட, செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துரைச்சாமி போன அதே நூற்றாண்டில், அதே சீமையின் நகரத்தார்கள் கொண்டுவிக்க என்று, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்ய, கிளம்பிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் போனார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடி பையன் என்று கடை வேலைக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, கிட்டங்கி என்ற கடைக் கட்டடத்திலேயே பாய் விரித்துப் படுத்து, தவணை முடிந்ததும் ஊர் திரும்பி, அப்புறம் மறுபடியும் கப்பல் ஏறினார்கள். 1850-களில் பினாங்கில் தண்டாயுதபாணிக்குக் கோயிலும் கட்டிவிட்டார்கள். தண்ணீர்மலை என்று அழைக்கப்படும் அந்தக் கோயில் முருகன் பெயரை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வைக்கிற அளவுக்கு அந்தத் தீவு நமக்குச் சொந்தமானது. நம் வீடுகளின் பர்மாத் தேக்கும், முகப்பும், ரெட்டைக்கட்டும் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்துக் கொண்டுவந்தவைதானே.

ஆக, தண்டனை கடலில் இல்லை, திரும்பிவரும் வழியையும் கடிதத்தையும் அடைத்ததில்தான் இருந்தது. ஒரே சீமை, ஒரே தீவு, சில பத்து வருட இடைவெளி. ஒருவருக்கு ஊரிலிருந்து மாதம் தவறாமல் கடிதாசி வந்தது, இன்னொருவருக்கு ஒரே ஒரு கடிதாசி போட அனுமதி இல்லை.

மறுபடியும் அந்தமான்

1824 ஒப்பந்தத்தில் பெங்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனதால் அங்கிருந்த கைதிகளை அடுத்த வருடம் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றினார்கள். சிங்கப்பூரின் பழைய சாலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் இந்தியக் கைதிகளின் உழைப்பு உண்டு. அப்புறம் 1857 எழுச்சி. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு அந்தமான் மறுபடி திறந்தது. 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்த செல்லுலார் சிறையில் ஏழு கிளைகள், 690-க்கும் மேற்பட்ட தனி அறைகள். ஒரு கைதியின் முகத்தை இன்னொரு கைதி பார்க்க முடியாதபடி ஒரு கிளையின் முன்பக்கம் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்து இருக்கும். பினாங்கில் கடல் மட்டும் செய்த வேலையை இங்கே சுவரும் சேர்ந்து செய்தது. 1933 மே மாதம் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்குப் பலவந்தமாகப் பாலைச் செலுத்தியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் இறந்தார்கள்.

வ.உ.சி. அந்தமானில் செக்கிழுத்தார் என்று சிலர் சொல்வார்கள், அதையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். 1908-ல் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தது தீவாந்தர தண்டனைதான், அதாவது கடல் கடத்தும் தண்டனை, ஆனால் அவர் அடைக்கப்பட்டது கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும். செக்கிழுத்தது கோவைச் சிறையில்.

துரைச்சாமி திரும்பினாரா?

திரும்பினார் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பல வருடம் கழித்து மன்னிப்புக் கிடைத்து, மதுரை வரை வந்து, ஊரை எட்டுவதற்குள் உயிர் போயிற்று, காளையார்கோயிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள் என்று சொல்கிறார்கள். வெல்ஷ் பார்த்த அந்தத் தளர்ந்த உருவத்தை நினைத்தால், அவர் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. கூடப்போன மற்றவர்களுக்கு இப்படி ஒரு கதைகூட இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் அரசு விழா நடக்கிறது, 27-ல் காளையார்கோயிலில் குருபூஜைக்கு ஊர் ஊராக வேனில் வந்து இறங்குகிறார்கள், மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அந்த மேடையில் கப்பல் ஏறினவர்களின் பெயர்களில் கிடைத்தவற்றையாவது ஒருமுறை வாசிக்கலாம். பிப்ரவரி 11-ஐ யாரும் அனுசரிப்பதில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிற நம் ஊர்க்காரர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வெள்ளி ரதம் புறப்படும் பினாங்கு வீதி நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை இருக்கிறது, அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் இந்தியக் கைதிகளின் உழைப்பில் 1818-ல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. வெல்ஷ் துரைச்சாமியைப் பார்த்த அதே வருடம். சாமி கும்பிட்டு முடித்ததும் அங்கேயும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.